புழுதிக்குளத்தில் தலைச்சன் இல்லை

எங்கள் ஊர்க் கண்மாயில் கொப்பரை மேலே வந்தது ஓர் ஆவணி மாதத்துப் புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். அந்த நேரத்தில் கண்மாய்க்குள் இருந்த ஒரே ஆள் ஆடு மேய்க்கிற சடையன். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதே, எதிரே வெடித்துக் கிடந்த வண்டல் இன்னும் கொஞ்சம் வெடித்து, முதலில் மூடியும், பிறகு கழுத்தும், பிறகு மூன்று ஆள் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற செம்பு வயிறும், காதுகளில் கோத்த சங்கிலியுமாக முழுக் கொப்பரையும் வெளியே வந்து, மேலே ஒட்டிய மண்ணை உதறிவிட்டு நின்றது. சடையன் பீடியை நிதானமாக இழுத்து முடித்தார். கண்மாய்க்குள் வேறு நிழல் கிடையாது என்பதால் ஆடுகளைக் கொப்பரையின் நிழலுக்கு ஓட்டிவிட்டுத் தானும் அதில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டார். சாயங்காலம் டீக்கடையில், யாரும் கேட்காமல் தானாகத்தான் சொன்னார்: "கண்மாய்க்குள்ள யாரோ பெரிய அண்டா ஒண்ணக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்காய்ங்க."

ஊர் ஓடிப்போய்ப் பார்த்தபோது மூடி மட்டும் தெரிந்தது; அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கி, மண் மூடிக்கொண்டது. கல்யாணச் சமையல்காரர் ஒருவர் அது காணாமல்போன தன்னுடைய பிரியாணி அண்டாதான் என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் மழை பெய்தது.

எங்கள் ஊரின் பெயர் புழுதிக்குளம். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. எங்கள் ஊரில் மழையைவிட மழைக்கான அறிகுறிகள் அதிகம். தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை, நிலா எட்டக் கோட்டை கட்டினால் கிட்ட மழை, கிட்டக் கோட்டை கட்டினால் எட்ட மழை. டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற எந்த ஆம்பளையைக் கேட்டாலும் காற்றை மோந்து பார்த்து இன்னும் மூன்று நாள் என்பான். தட்டானும் பறந்தது, எறும்பும் ஏறியது, நிலா கோட்டை மேல் கோட்டையாகக் கட்டிப் பெரிய மேஸ்திரியே ஆகிவிட்டது. மழைக்கு மட்டும் இந்தச் சாத்திரம் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அது தன் பாட்டுக்குப் பக்கத்து ஊர்களில் பெய்துவிட்டுக் கடலுக்குப் போனது.

ஆனால் கொப்பரை தவறவே இல்லை. பதினைந்து நாள் கழித்து மறுபடி காலையில் வந்தது, சாயங்காலம் இறங்கியது, மறுநாள் மழை. புரட்டாசியில் வந்தது, மறுநாள் மழை. வந்தால் மழை, வராவிட்டால் இல்லை. கடவுளே இறங்கி வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் இவ்வளவு சுத்தமாக இருக்காது. இப்படியோர் அறிகுறி கிடைத்த ஊர் என்ன செய்ய வேண்டும்? எங்கள் பக்கத்தில் நெல்லைச் சேற்றில் நடுவதில்லை. காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கிற விவசாயம். ரொம்ப முன்னால் விதைத்தால் எறும்பு தின்றுவிடும், இல்லையென்றால் சின்னத் தூறலில் முளைத்து வெயிலில் கருகிவிடும். மழை விழுந்த பிறகு விதைக்கலாமென்றால் களிமண்ணில் கால் வைக்க முடியாது. மழைக்கு முதல் நாள் விதைக்க வேண்டும். அந்த முதல் நாள் எதுவென்று தெரியாமல்தான் எங்கள் ஊர் தலைமுறை தலைமுறையாக வீணாய்ப்போனது. இப்போது அந்த நாள் மூடி போட்டு, சங்கிலி போட்டு, கண் முன்னால் வந்து நிற்கிறது.

புழுதிக்குளத்துக்காரர்கள் அன்றைக்கு விதைக்கவில்லை. கண்மாய்க் கரையில் வரிசையாக உட்கார்ந்து கொப்பரையைக் காவல் காத்தார்கள்.

ஏனென்றால் கொப்பரை என்றால் புதையல் என்று எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் காலத்தில் பயந்து ஓடியவர்கள் பொன்னைக் கொப்பரையில் போட்டு, காவலுக்கு ஒரு பூதத்தையும் போட்டு மூடிப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்றும், அது பூமிக்குள்ளேயே கண்மாய் விட்டுக் கண்மாய் நகர்ந்துகொண்டிருக்கிறது என்றும், யாருக்குப் பிராப்தம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் மூடி திறக்கும் என்றும் சொல்வார்கள். விதைக்கப் போன நேரத்தில் மூடி திறந்து, கரையில் இருந்தவன் அள்ளிக்கொண்டு போய்விட்டால்? அதனால் கொப்பரை வருகிற நாளில் ஒருத்தனும் வயல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒருவன் போனால்தான் மற்றவன் போவான், அதனால் ஒருவனும் போகவில்லை.

திறந்து பார்க்கவும் முயன்றார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஊர்த்தலைவர் செவத்தையா டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலியில் கட்டி இழுக்கச் சொன்னார். கொப்பரை நின்ற இடத்தில் நின்றது, டிராக்டர்தான் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சாமியாடியது. பொக்லைன் கொண்டுவந்து தட்டியதில் அதன் பற்களில் இரண்டு உதிர்ந்தன. கொப்பரை கோபப்படவில்லை, யாரையும் முறைக்கவும் இல்லை. இரண்டு மூன்று தடவை வந்துபோனதில் ஊருக்குப் பழகிப்போனது. டீக்கடை கரைக்கு இடம் மாறியது. வெயிலில் செம்பு நன்றாகச் சுடும் என்பதால் பெண்கள் மூடியின் மேல் வற்றல் காயப்போட்டார்கள். ஒரு வீட்டுக்காரர் தன் மகளின் சடங்குச் சுவரொட்டியை அதன் வயிற்றில் ஒட்டினார். ஒரு கட்சிக்காரர் தன் சின்னத்தை வரைந்தார். அது உள்ளே போய் மறுபடி வந்தபோது சின்னம் அழிந்திருந்தது, அந்தத் தேர்தலில் அவர் தோற்றதற்கு இன்றுவரை கொப்பரையைத்தான் காரணம் சொல்கிறார். நான் மைக் செட் வைத்திருப்பவன். குழாய் இரண்டைக் கரைப் புளியமரத்தில் கட்டி, கொப்பரை வந்தால் வந்தது என்றும் போனால் போனது என்றும் எல்லாருக்கும் கண்ணெதிரே தெரிவதை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் நல்ல வருமானம்.

முத்திருளாயி மட்டும் கரைக்கு வரவில்லை. அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பூவலிங்கம், காத்தமுத்து என்று இரண்டு தம்பிகள். அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினாறு. அன்று ஏர் பிடித்த கை, தம்பிகளைப் படிக்கவைத்து, கல்யாணம் பண்ணிவைத்து, அவர்கள் பிள்ளைகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தி முடிக்கும்வரை கீழே வைக்கவில்லை. அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், "அவளுக்கு எங்க நேரம்?" என்று எங்கள் ஊரில் பதில் சொல்வார்கள், ஏதோ அவள்தான் வேண்டாமென்று சொல்லிவிட்ட மாதிரி.

மூன்றாவது தடவை கொப்பரை வந்த அன்று அவள் விதைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கரை வழியாக வயலுக்குப் போனாள். நின்று ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னத்தா, கும்பிடாமப் போற?" என்றார் செவத்தையா.

"மழை வரப்போகுதுன்னா எறும்பு முட்டையத் தூக்கிட்டு வெளிய வருதில்ல, அந்த மாதிரிதான்யா இதுவும். நனைஞ்சிரக் கூடாதுன்னு மேல வந்து பாக்குது," என்றாள் முத்திருளாயி. "நாளைக்கி மழை. ஆளுக்கு ஒரு பெட்டி வெதையத் தூக்கிட்டு வாங்கய்யா, பொழுதுக்குள்ள வெதைச்சு முடிச்சிரலாம்."

கரை முழுக்கச் சிரித்தது. நானும் மைக்கில் சிரித்தேன், குழாயில் அது நன்றாகவே எடுத்தது. அவள் போய் விதைத்தாள். அந்தத் தை மாதத்தில் புழுதிக்குளத்தில் அறுப்பு நடந்தது அவளுடைய இரண்டு ஏக்கரில் மட்டும்தான். சிரித்தவர்கள் எல்லாரும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனோம். அவள் அளந்து போடவில்லை, அள்ளிப் போட்டாள்.

இதிலிருந்து ஊருக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்ததில்லை என்று அர்த்தம். ஊர் வேறு கணக்குப் போட்டது. போன வருஷம் விதைக்காமல் காவல் காத்தோம், விளைச்சல் போச்சு. இந்த வருஷம் காவலை விட்டுவிட்டு விதைத்தால் போன வருஷத்து நஷ்டத்துக்கு யார் பதில் சொல்வது? புதையலை எடுத்தே தீர வேண்டும். அடுத்த ஆவணியில் குறி சொல்கிற கோடாங்கி சன்னாசியைக் கூட்டி வந்தார்கள். கோடாங்கி உச்சிவெயிலில் கொப்பரைக்கு எதிரே உட்கார்ந்து உடுக்கை அடித்தார். கொப்பரை ஒன்றும் பேசவில்லை. அது பேசாததால் கோடாங்கி பேசினார்.

"தலைச்சன் கேக்குதப்பா," என்றார்.

தலைப்பிள்ளையைக் கொடுத்தால்தான் பூதம் பொன்னை விடும் என்ற கதையைக் கேட்காதவர் அங்கே யாரும் இல்லை. கோடாங்கியே சமாதானம் சொன்னார்: "இந்தக் காலத்துல வெட்டுக்குத்தெல்லாம் ஆகாது, போலீசு வந்துரும். தலைச்சன் ஒரு ஆளு தானா நடந்துபோயி மூடியில கைய வச்சாப் போதும்."

"கைய வச்சா?"

"அது கையோட விடுமா, ஆளையும் சேத்து இழுக்குமாங்குறது எனக்குத் தெரியாது. எனக்குப் பூதத்தோட முன்னப்பின்னப் பழக்கமில்ல."

ஊரில் தலைச்சன்கள் யார் யார் என்று கணக்கெடுக்கச் செவத்தையா ஒரு கூட்டம் போட்டார். எனக்குத் தெரிந்து புழுதிக்குளத்தில் இருநூறு வீடு. வீட்டுக்கு ஒரு மூத்த பிள்ளை இருக்கத்தானே வேண்டும்? ஒரே வாரத்தில் ஒருத்தரும் இல்லாமல் போனார்கள். முதலில் செவத்தையாவே மைக்கை வாங்கி, தனக்கு முன்னால் தன் ஆத்தாளுக்கு ஒரு பெண் பிறந்து மூன்றாம் நாள் இறந்துவிட்டது என்றும், அந்த அக்காளை நினைத்துத் தான் தினமும் அழுவதாகவும் சொல்லி அழுதார். அறுபத்தெட்டு வருஷமாக அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு குழந்தைகள் இறக்க ஆரம்பித்தன. பிறக்கவே பிறக்காத பிள்ளைகளுக்குப் பெயர் கிடைத்தது, நட்சத்திரம் கிடைத்தது, சிலவற்றுக்குக் கருப்பு வெள்ளைப் போட்டோகூடக் கிடைத்தது. இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த இருவர் இத்தனை நாளும் நான்தான் மூத்தவன் என்று கோயில் மரியாதைக்கு அடித்துக்கொண்டவர்கள், இப்போது "அண்ணே, அண்ணே" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு தெருவில் ஓடினார்கள். மேலத்தெருவில் ஒருத்தி உண்மையாகவே முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவள் சொன்னதை மட்டும் யாரும் நம்பவில்லை, பிள்ளை செத்திருந்தால் இப்படியா அழாமல் சொல்வாள் என்றார்கள். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்திருக்க வெட்கமாக இருந்தது, ஆனால் பிடித்திருந்தேன்.

டீக்கடை அழகருக்கு வேறு வழியே இல்லை. அவருடைய மகன்தான் மூத்தவன் என்பதற்கு ஊரே சாட்சி, அவனுக்குப் பெயர் வைத்த அன்று ஊரே வந்து சாப்பிட்டிருந்தது. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து, கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது அங்கே ஒருத்தியோடு தனக்கு ஒரு பிள்ளை உண்டு என்றார். அவர் பெண்சாதி விளக்குமாற்றோடு வந்து கூட்டத்திலேயே நாலு சாத்துச் சாத்தினாள். ஐந்தாவது அடிக்கு ஓங்கியபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, புருஷன் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர், என்ன வயது என்று அன்பாக விசாரித்தாள். மறுநாளே அந்தத் திருப்பூர்ப் பிள்ளையை ரேஷன் கார்டில் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டாள். அப்படி ஒரு பிள்ளை நிஜமாகவே இருந்ததா என்று அழகரிடம் பிறகு கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் எல்லாரும் சுற்றி முற்றிப் பார்த்தபோது கூட்டத்துக்கு வராத ஓர் ஆள் நினைவுக்கு வந்தாள். முத்திருளாயி வயலில் புழுதி உழவு உழுதுகொண்டிருந்தாள்.

"பூவலிங்கம், ஒங்க அக்கா தலைச்சன்தானப்பா?" என்றார் செவத்தையா.

பூவலிங்கம் எழுந்தான். அக்காளுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து இறந்துபோனது என்று அவனும் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அதை நம்புவதற்கு ஊர் தயாராகவே இருந்தது. தம்பி காத்தமுத்து அதைச் சொல்ல வாயைத் திறந்ததைக்கூட நான் பார்த்தேன். ஆனால் அக்கா தலைச்சன் இல்லையென்றால், அடுத்து யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று பூவலிங்கத்துக்குத் தெரியும். அவனுக்கும் முதலில் பிறந்தது ஒரு மகன்.

"எங்க அக்காதான் மூத்தது," என்றான் பூவலிங்கம். "அதுல என்ன சந்தேகம்? எங்க ரெண்டு பேரையும் வளத்து ஆளாக்குனதே அதுதான."

முப்பது வருஷமாக அவன் எல்லா மேடையிலும் சொல்லுகிற பேச்சுத்தான் அது. கல்யாண வீட்டில் சொல்லுவான், எழவு வீட்டில் சொல்லுவான், கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். அன்றும் கூட்டம் உச்சுக்கொட்டியது. சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

செவத்தையா ஒரு பட்டுச்சேலையும் பூவும் எடுத்துக்கொண்டு நாலு பேரோடு அவள் வயலுக்குப் போனார். தம்பிகள் இருவரும் பின்னால் நின்றார்கள். விஷயத்தைச் சொல்ல ஆள் இல்லாமல், மைக்செட்காரன்தானே பேசுகிறவன் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். நான் சொன்னேன். அவள் கலப்பையை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டாள்.

"சேலை எதுக்கு?" என்றாள்.

"ஊர் ஒனக்குச் செய்யுற மரியாதைத்தா," என்றார் செவத்தையா.

"நாப்பத்தேழு வருசமா இல்லாம இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்." அவள் பூவலிங்கத்தைப் பார்த்தாள். "நீ என்னப்பா சொன்ன?"

"உள்ளதத்தான்க்கா சொன்னேன்."

"காத்தமுத்து?"

காத்தமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒண்ணுமே சொல்லலக்கா," என்றான்.

"அதுவும் உள்ளதுதான்," என்றாள் முத்திருளாயி. அவள் முகத்தில் நான் பயத்தை எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது அது இல்லை. சாப்பாடு போட்டு முடித்துவிட்டுப் பானைக்குள் எட்டிப் பார்க்கிறபோது தனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று தெரிந்துகொள்கிற பொம்பளையின் முகம் அது. "கொப்பரை அடுத்து வர்ற அன்னைக்கி வாரேன். இப்ப நகருங்க, மாடு நிக்குது," என்றாள்.

புரட்டாசி ஏழாம் தேதி காலையில் கொப்பரை வந்தது. நான் மைக்கில் அறிவித்தேன். ஊர் முழுக்கக் கரையில் கூடியது. சாக்கு, அண்டா, அரிசிப் பானை, எது பெரியதோ அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளையின் தொட்டிலையே அவிழ்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள். முத்திருளாயி பட்டுச்சேலை கட்டவில்லை. வயலுக்குப் போகிற பழைய சேலை, இடுப்பில் விதைப்பெட்டி, பெட்டி நிறைய நெல். கரையை விட்டு இறங்கி, வெடித்த வண்டலில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்து போனாள். பூவலிங்கத்தின் சின்ன மகள் "அத்தே" என்று கத்திக்கொண்டு ஓடினாள்; அவள் அம்மா பிடித்து இழுத்து வாயைப் பொத்தினாள்.

முத்திருளாயி மூடியில் கை வைக்கவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி கொப்பரையின் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "என்னா சூடு," என்றது எனக்கே கேட்டது. அப்போது டிராக்டருக்கும் பொக்லைனுக்கும் அசையாத மூடி, பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற மாதிரித் தானாகத் திறந்தது.

அவள் எக்கி உள்ளே பார்த்தாள்.

"என்ன இருக்கு?" என்றார் செவத்தையா. கரை முழுவதும் எழுந்து நின்று கத்தியது. "என்ன இருக்கு? என்னத்தா இருக்கு? அக்கா, என்ன இருக்கு?"

முத்திருளாயி திரும்பி எங்களைப் பார்த்தாள். செவத்தையாவைப் பார்த்தாள், கோடாங்கியைப் பார்த்தாள், தம்பிகளைப் பார்த்தாள், சாக்குகளையும் அண்டாக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எடம் இருக்கு," என்றாள்.

விதைப்பெட்டியை முதலில் உள்ளே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சங்கிலியில் கால் கொடுத்து ஏறி உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். மூடி மூடிக்கொண்டது. கொப்பரை அந்த முறை கீழே போகவில்லை. திரும்பி, கண்மாயை உழுதுகொண்டே கலுங்கு வழியாக இறங்கி, வறண்ட ஓடையில் சங்கிலி இழுபட, அவசரமே இல்லாமல் கிழக்கே போனது. பின்னால் ஊர் ஓடியது. "பொன்ன விட்டுட்டுப் போத்தா" என்று சிலர் கத்தினார்கள். "அக்கா" என்று கத்தியவர்கள் இரண்டு பேர், ஆனால் அவர்களும் சாக்கைக் கீழே போடாமல்தான் ஓடினார்கள். பக்கத்து ஊரான சாலியனேந்தல் எல்லைக் கல்லைத் தாண்டி, அந்த ஊர்க் கண்மாய்க்குள் போய்க் கொப்பரை நின்றது. முத்திருளாயி இறங்கி, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அங்கே நின்றவர்களிடம், "நாளைக்கி மழை. வெதைக்கிறதுக்குத் தரிசு ஏதும் கெடக்கா?" என்று கேட்டாள்.

சாலியனேந்தல்காரர்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. ஆனால் அவர்கள் ஊரில் அன்றைக்குக் கோடாங்கி இல்லை, எல்லாரும் விதைக்கத்தான் போனார்கள். மறுநாள் மழை எல்லைக் கல் வரைக்கும் வந்து நின்றது. கல்லின் அந்தப் பக்கம் ஈரம், இந்தப் பக்கம் புழுதி. நம்பாதவர்கள் கல்லின் மேல் உட்கார்ந்து ஒரு தோளை மட்டும் நனைத்துக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் ஊரில் அவளைப் பற்றி என்ன பேசினார்கள் என்று சொல்கிறேன், கேளுங்கள். சுயநலக்காரி என்றார்கள். இத்தனை வருஷம் ஊர்ச் சோற்றைத் தின்றுவிட்டுக் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டாள் என்றார்கள். அவள் போட்ட நெல்லைத் தின்ற வாயால்தான் இதைச் சொன்னார்கள். தலைச்சன் அல்லவா, அப்படித்தான் பிடிவாதமாக இருப்பார்கள் என்று இரண்டாம் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் புழுதிக்குளத்தில் ஒரு சொட்டு விழவில்லை. ஆடு விற்றுத் தீர்ந்தது, ஆட்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போனார்கள். நாலாவது வருஷம் செவத்தையா, இரண்டு தம்பிகள், நான் ஆக நாலு பேர் சாலியனேந்தலுக்குப் போனோம். அவள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வரப்புக்கு ஏறி, தூக்குச்சட்டியைத் திறந்து கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். குடித்தோம். பூவலிங்கம் பாதியில் வைத்துவிட்டு அழுதான். அது நிஜமான அழுகை, எனக்கு வித்தியாசம் தெரியும், எத்தனையோ அழுகையை மைக்கில் கேட்டவன் நான்.

"ஊருக்கு வாக்கா. பிள்ளைகளெல்லாம் ஒன்னைத் தேடுது," என்றான்.

"வாரேன்," என்றாள் அவள். அவ்வளவு சுலபமாகச் சொல்வாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "கொப்பரையையும் கூட்டிட்டே வாரேன், எனக்கென்ன. ஆனா ஒண்ணு. ஊர்க் கூட்டம் போட்டு, அதுல ஒரே ஒரு ஆளு எந்திரிச்சு, நான் தலைச்சன்னு சொல்லட்டும். யாரும் எதுலயும் கைய வைக்க வேணாம். நான் ஒருத்தி மட்டும் இல்ல, இன்னொரு ஆளும் இருக்குன்னு என் காதுல விழணும். ஒருத்தர் சொன்னாப் போதும்."

திரும்பி வரும்போது செவத்தையா சிரித்துக்கொண்டே வந்தார். இவ்வளவுதானா, இதற்கா மூன்று வருஷம் காய்ந்தோம் என்றார். மறுநாள் காலை கூட்டம். புளியமரத்தில் குழாயைச் சாலியனேந்தல் பக்கமாகத் திருப்பிக் கட்டினேன், அவள் காதுக்கு எட்ட வேண்டுமே. மிச்சமிருந்த ஊர் முழுக்க வந்து உட்கார்ந்தது. செவத்தையா நிபந்தனையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெயில் ஏறியது. இரட்டையர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழகர் தன் மகனைப் பார்த்தார், அவன் செல்போனைப் பார்த்தான். இன்றைக்கு எழுந்து சொல்லிவிட்டு, நாளைக்குக் கோடாங்கி வேறு ஏதாவது கேட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொருவர் முகத்திலும் எழுதியிருந்தது. ஒரு மணி நேரம் போனது. ஒருத்தரும் எழவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "அட, சொல்லித் தொலைங்களேன்யா, சும்மா வாய் வார்த்தைதான," என்றார்கள். சொன்னவளும் எழவில்லை.

மைக் என் கையில் இருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது. என் அம்மாவுக்கு எனக்கு முன்னும் பின்னும் யாரும் கிடையாது. அந்தப் பழைய கணக்கெடுப்பில் மைக்செட்காரனை யாரும் கேட்கவில்லை, நானும் எல்லார் கதையையும் சத்தமாக வைத்துவிட்டு என் கதையைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். இப்போது நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், எழக்கூட வேண்டியதில்லை. இரண்டே வார்த்தை. அந்த வயலில் அவள் களையெடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்பாள் என்று எனக்குத் தெரியும். மைக்கை வாயருகே கொண்டுபோனேன். கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. செவத்தையா பாதி எழுந்தேவிட்டார்.

"ஹலோ," என்றேன். "மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ."

கூட்டம் கலைந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஆகிறது, மழை இல்லை. நான் தலைச்சன். உங்களிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, நீங்கள் வெளியூர். எங்கள் ஊர்க்காரர்கள் யாரையாவது எங்கேயாவது பார்த்தால், தயவுசெய்து இதைச் சொல்லிவிடாதீர்கள்.